மூன்றாவது சுரங்கம் வந்தால்: தாக்க அறிக்கையில் முதலில் எந்தப் பக்கத்தைத் திறப்பது?

முந்திரிக்கொல்லை:

வணக்கம். எனக்குக் கம்மாபுரம் பக்கம் ஊர். நெய்வேலி மூன்றாவது சுரங்கம் பற்றிய பேச்சு சில வருடங்களாக அடங்குவதும் மறுபடி எழுவதுமாக இருக்கிறது. ஆண்டுக்கு 1.15 கோடி டன் பழுப்பு நிலக்கரி, ஏறத்தாழ 12,000 ஏக்கர், 26 கிராமங்கள் என்று செய்திகளில் படித்தோம். ஊரில் பேச்செல்லாம் ஏக்கருக்கு எவ்வளவு கிடைக்கும், வீட்டுக்கு ஒரு வேலை உண்டா என்பதிலேயே நிற்கிறது.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்று ஒன்று தயாராகும், அதன் மேல் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் என்கிறார்கள். அந்த மாதிரி அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் வரும். எங்கள் ஊரில் யாருக்கும் அதைப் படித்துப் பழக்கம் இல்லை. வரும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்? சுரங்கம் வேண்டும் என்பவர்களும் எழுதலாம், வேண்டாம் என்பவர்களும் எழுதலாம். எனக்கு விவரம் வேண்டும்.

மணற்பாறை:

தம்பி, நிலத்தடி நீர் அத்தியாயத்தை முதலில் திறங்கள். நெய்வேலியைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நிலத்தடி நீர்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்ட ஊற்றுநீர் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி முட்டுகிற அழுத்தம். மேலே இருக்கும் மண்ணின் பாரம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. மண்ணை அள்ளினால் பாரம் போய்விடும், சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணீர் மேலே வந்துவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் நிலக்கரியில் கை வைக்கவே முடியும். ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டும்போது கரிப்பொருள் தெரிந்தது 1935-ல். நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தது 1957-ல். நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல்தான். அத்தனை மண், அத்தனை தண்ணீர்.

இந்த இறைப்பு சுரங்கம் நடக்கிற வரைக்கும் நிற்காது. நிறுத்தவும் முடியாது. ஒரு தொழிற்சாலை தன் தேவைக்குத் தண்ணீர் எடுப்பதற்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். தொழிற்சாலையைப் பார்த்து அளவைக் குறைத்துக்கொள் என்று சொல்லலாம். இங்கே குறைத்தால் உள்ளே இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. ஆகவே அனுமதி கொடுத்த அன்றைக்கே பல பத்து வருடத்துத் தண்ணீருக்கும் சேர்த்து அனுமதி கொடுத்ததாக அர்த்தம்.

இப்போது அறிக்கைக்கு வருகிறேன். வழக்கமாகச் சுரங்க எல்லையிலிருந்து 10 கி.மீ. தூரம் வரையுள்ள இடத்தைத்தான் ஆய்வுப் பகுதியாக எடுப்பார்கள். தூசிக்கும் சத்தத்துக்கும் அது போதலாம். அழுத்த நீர்ப்படுகைக்குப் போதாது. ஒரு மூலையில் இறைத்தால் அழுத்தம் குறைவது வெகுதூரம் பரவும். மழைநீர் இறங்கி அந்தப் படுகை நிரம்புகிற செம்மண் மேடு மேற்கே இருக்கிறது. கிழக்கே கடல். இரண்டும் அறிக்கையின் வரைபடத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, அதே படுகையில் ஏற்கெனவே 1, 1ஏ, 2 என்று மூன்று சுரங்கங்கள் இறைத்துக்கொண்டிருக்கின்றன. புதியது தனியாக எவ்வளவு இறைக்கும் என்று மட்டும் எழுதினால் அது அரைக் கணக்கு. நான்கும் சேர்ந்து இறைத்தால் 30 வருடம் கழித்து விருத்தாசலத்தில் போர்வெல் எத்தனை அடிக்குப் போகும்? கடலோரம் உப்புநீர் எவ்வளவு உள்ளே வரும்? இதற்கு எண்ணோடு பதில் இருக்க வேண்டும். "குறிப்பிடத்தக்க பாதிப்பு இராது" என்ற வாக்கியம் பதில் ஆகாது.

சி_ஷிப்ட்:

மணற்பாறை ஐயா சொன்ன இறைப்பு விஷயம் முழு உண்மை. நான் சுரங்கத்திலேயே வேலை பார்த்தவன். பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பயம் இருக்கும்.

ஆனால் இன்னொரு பக்கமும் எழுத வேண்டும். நெய்வேலி இல்லாமல் இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள்? செம்மண் கொல்லையில் மணிலாவும் முந்திரியும் போட்டு வானத்தைப் பார்த்திருந்த குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாதச் சம்பளம் எல்லாம் அந்தச் சுரங்கத்தால் வந்தவை. இந்தியாவில் இருக்கிற பழுப்பு நிலக்கரியில் 80 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. அதை அப்படியே மண்ணுக்குள் விட்டுவிட்டு, கடல் தாண்டி வருகிற நிலக்கரியை எரிப்பது நியாயமா? மின்சாரம் எல்லோருக்கும் வேண்டும்தானே?

பரவனாற்றுக்கரை:

நான் கீழ்ப்பக்கத்து விவசாயி. சுரங்கத்திலிருந்து வெளியே விடுகிற தண்ணீர் பரவனாறு, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக எங்கள் பக்கம் வருகிறது. அதை நம்பி நடவு செய்கிறவர்கள் நிறையப் பேர். காவிரித் தண்ணீர் கடைமடைக்கு எட்டாத வருடத்தில்கூட எங்களுக்கு ஒரு போகம் வரும். சென்னைக்கும் இந்தப் படுகைத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறது.

இதையும் ஒரு தாக்கமாக எழுத வேண்டும் என்பது என் வாதம். சுரங்கத்தை ஆதரித்து இதைச் சொல்லவில்லை. ஒரு ஊரின் போர் தண்ணீர் கீழே போய், இன்னொரு ஊரின் வாய்க்காலில் வந்து ஓடுகிறது. மேற்கே இழந்தவனும் கிழக்கே பெற்றவனும் ஒரே ஆள் இல்லை. அப்புறம், நிலக்கரி தீர்ந்து பம்பை நிறுத்துகிற அன்றைக்கு எங்கள் வாய்க்கால் என்ன ஆகும்? இரண்டு தலைமுறை அந்தத் தண்ணீரை நம்பிப் பயிர் வைத்துப் பழகிய பிறகு அது நிற்கும். சுரங்கம் மூடும் திட்டம் என்று அறிக்கையில் ஒரு அத்தியாயம் இருக்குமாம். மரம் நடுவது, குழியில் நீர் தேக்குவது என்று எழுதுவார்கள். பாசனத்துக்கு ஒரு வரி இருக்கிறதா என்று அங்கே தேடுங்கள்.

வெள்ளத்தையும் கேளுங்கள். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. விசூர், பெரியகாட்டுப்பாளையம் பக்கம் என்ன நடந்தது என்று கடலூர் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வடிகிற பாதையில் மலை போல் மண்ணைக் குவித்து வைத்தால் மழைநீர் எந்தப் பக்கம் திரும்பும்?

மணற்பாறை:

பரவனாற்றுக்கரை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இது முக்கியம். அறிக்கைக்கான அடிப்படைத் தரவு பெரும்பாலும் ஒரே ஒரு பருவத்தில் எடுக்கப்படும், அதுவும் மழைக்காலம் அல்லாத பருவத்தில். தமிழ்நாட்டில் பல அறிக்கைகளில் மார்ச் முதல் மே வரை என்று இருப்பதைப் பார்க்கலாம். கடலூர் மாவட்டத்தின் கதையே ஐப்பசி, கார்த்திகையில்தான் இருக்கிறது. வைகாசியில் வந்து அளந்தவருக்கு ஓடை காய்ந்து கிடக்கும், ஏரி வெறும் திடலாக இருக்கும். "பருவகால ஓடை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்.

மேல்மண்ணையும் கணக்குப் போடுங்கள். நெய்வேலியில் ஒரு டன் நிலக்கரி எடுக்க 5 கனமீட்டருக்கு மேல் மண்ணை அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது. 1.15 கோடி டன்னுக்குப் பெருக்கிப் பாருங்கள். தொடக்க வருடங்களில் இந்த மண்ணைக் குழிக்குள் திருப்பிக் கொட்டவும் முடியாது, ஏனென்றால் குழியே இன்னும் திறந்திருக்காது. வெளியேதான் குவிக்க வேண்டும். அந்த மேட்டுக்கு எத்தனை ஏக்கர், அது எந்த ஓடையின் மேல் உட்காருகிறது என்பது அறிக்கையின் வரைபடத்தில் இருக்கும். சர்வே எண்ணை வைத்து நீங்களே சரிபார்க்கலாம்.

நடவுக்காரி:

தம்பி, எல்லோரும் தண்ணீரைப் பற்றி எழுதிவிட்டீர்கள். ஆட்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் பெரும்பாலான வீட்டுக்குப் பட்டா நிலம் கிடையாது. நடவு, களையெடுப்பு, அறுப்பு, முந்திரிக்கொட்டை பொறுக்குவது, உடைப்பது. வருடம் முழுக்க இப்படித்தான் ஓடும். சிலர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுப்பதாக, நிலம் பிடித்துப் பயிர் செய்கிறார்கள், எழுத்தில் எதுவும் கிடையாது. ஆடு மேய்ப்பது ஏரிப் புறம்போக்கில். நிலம் போனால் நிலக்காரருக்குப் பணம் வரும். கொஞ்சமா நிறையவா என்று அவர் சண்டை போடலாம். எங்களுக்கு அந்தச் சண்டை போடவே இடம் இல்லை. வேலை செய்கிற வயல் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

அறிக்கையில் "பாதிக்கப்படும் குடும்பங்கள்" என்று ஒரு எண் போடுவார்கள். அந்த எண்ணில் எங்கள் தெரு இருக்கிறதா என்று யார் பார்ப்பது? கணக்கெடுக்க வருகிறவர்கள் ஊருக்குள் நுழைந்ததும் பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பொம்பளைகளிடம் யாரும் கேட்பதில்லை. ஒரு குடம் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறோம், புது இடத்துக்குப் போனால் விறகு எங்கே எடுப்போம், மாட்டை எங்கே கட்டுவோம், இதற்கெல்லாம் பதில் எங்களிடம்தான் இருக்கிறது.

வாய்தா:

விருத்தாசலம் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். நடவுக்காரி அக்கா கேட்டதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு.

2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்பதற்குத் தரும் விளக்கத்தில் நிலமில்லாதவர்களும் வருகிறார்கள். விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், வாரத்துக்குப் பயிரிடுபவர்கள், கைவினைஞர்கள் ஆகியோர் கையகப்படுத்தலுக்கு முன் மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியில் வேலை செய்திருந்து, அவர்களின் முதன்மை வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டால் அவர்களும் பாதிக்கப்பட்ட குடும்பமே. ஆகவே அந்த மூன்று ஆண்டை நிரூபிக்க இப்போதே தாள் சேர்க்க வேண்டும். நூறு நாள் வேலை அட்டை, ரேஷன் கார்டு, கூட்டுறவுச் சங்கக் கடன் ரசீது, நிலக்காரர் எழுதிக் கொடுக்கும் ஒரு சீட்டு, எதுவானாலும் உதவும்.

சிக்கல் இதுதான். அதே 2013 சட்டம், நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் நிலக்கரிக்கான 1957 மத்தியச் சட்டம், விலக்குப் பெற்ற சட்டங்களின் பட்டியலான நான்காம் அட்டவணையில் இருப்பதால் அந்த மதிப்பீட்டிலிருந்து தப்பிவிடுகிறது. இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் 2015-ல் அதற்கும் நீட்டிக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு தன் 1997 தொழில் நோக்க நிலம் எடுப்புச் சட்டத்தின் கீழ் எடுத்தாலும் இதே நிலைமைதான். 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது. அரசு அதே ஆண்டில் புதிய சட்டம் போட்டு அதை மீட்டது, 2021-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

இதன் பொருள் என்னவென்றால், உங்கள் ஊர் மக்கள் எப்படி வாழ்கிறார்கள், இனி எப்படி வாழ்வார்கள் என்று சட்டப்படி அவர்களையே கூட்டிவைத்துக் கேட்கிற இடம் நடைமுறையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக்கேட்பு. அதனால் அதை வெறும் சடங்கு என்று ஒதுக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகம் முதலிய அரசு அலுவலகங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும் வரை ஒருவரும் எழுந்து போகாதீர்கள். நீங்கள் பேசியது விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லித் திருத்த வைக்கலாம்.

கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. ஊரே புறக்கணித்தாலும் கூட்டம் நடந்ததாகத்தான் பதிவாகும். எதிர்ப்பவர்களும் உள்ளே போய்ப் பேச வேண்டும், எழுத்திலும் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்க வேண்டும். பின்னால் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனால் நாங்கள் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். அனுமதி வந்தபின் மேல்முறையீட்டுக்கு 30 நாள், போதிய காரணம் இருந்தால் இன்னும் 60 நாள்.

சி_ஷிப்ட்:

வக்கீல் தம்பி, இவ்வளவு விவரம் எங்கள் காலத்தில் யாரும் சொல்லவில்லை. நான் சுரங்கத்துக்கு எதிரி ஆகிவிடவில்லை. ஆனால் நடவுக்காரி அம்மா எழுதியதைப் படித்தபின் ஒன்று தோன்றுகிறது. என் குடும்பத்துக்கு வேலை கிடைத்தது, எங்கள் கொல்லையில் வேலை பார்த்தவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கை யாருமே எடுத்ததில்லை.

வேலை விஷயத்திலும் அறிக்கையில் கவனமாகப் பாருங்கள். "வேலைவாய்ப்பு" என்று மொத்தமாக ஒரு எண் வந்தால் ஏமாறாதீர்கள். நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, கட்டுமானக் காலத்தோடு முடிவது எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். மண்ணை வெட்டி அள்ளுகிற பெரிய பக்கெட் வீல் எந்திரங்கள் ஓடுகிற சுரங்கம் அது, ஆள் அதிகம் வேண்டாம்.

முந்திரிக்கொல்லை:

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி. சாம்பல், பாதரசம் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். அதுவும் இந்த அறிக்கையில்தான் வருமா?

வாய்தா:

வராது, அதுதான் பிரச்சினை. சுரங்கத்துக்கு ஒரு கோப்பு, அனல்மின் நிலையத்துக்கு வேறு கோப்பு. நிலக்கரியை வெட்டுவதன் பாதிப்பை மட்டும் முதல் கோப்பு பேசும். எரிப்பதன் பாதிப்பு அதில் இருக்காது. ஊரில் இருப்பவர் இரண்டையும் ஒரே மூக்கால்தான் சுவாசிக்கிறார்.

2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி சுற்றுவட்டாரத்தில் நீர், மண் மாதிரிகள் எடுத்துச் சோதித்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வடக்கு வெள்ளூர் நிலத்தடி நீரில் பாதரசம் அனுமதித்த அளவை விடப் பல மடங்கு இருப்பதாக அதில் வந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. புதிய சுரங்க அறிக்கை இந்த முடிவுகளை எடுத்துப் பேசுகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே இருக்கிற சுமையின் மேல்தான் புதிய சுமை ஏறுகிறது. பழையதைச் சொல்லாமல் புதியதை மட்டும் அளந்தால் எந்த எண்ணும் சின்னதாகத்தான் தெரியும்.

உடையார்பாளையம்:

அரியலூர் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். யாரும் தொடாத ஒரு பாதிப்பு இருக்கிறது. அது காத்திருப்பு.

ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990-களில் 13 கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கரை எடுத்தார்கள். சுரங்கமும் வரவில்லை, மின்நிலையமும் வரவில்லை. வழக்கு மட்டும் தலைமுறை தாண்டி நடந்தது. நிலம் கையில் இருக்கும், உழலாம், ஆனால் பத்திரம் அரசின் பெயரில். விற்க முடியாது, வங்கியில் கடன் கிடைக்காது. போர் போடலாமா, தென்னை வைக்கலாமா, வீடு கட்டலாமா என்று எதற்கும் துணிவு வராது. கடைசியில் நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதென்று அரசே முடிவெடுத்தது. இழந்த வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

உங்கள் மாவட்டத்திலும் இது நடந்திருக்கிறதே. 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் கதிர் வரும் நேரத்து நெல்லுக்குள் எந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. பல வருடங்களுக்கு முன்பே எடுத்த நிலம், அதுவரை சும்மா கிடந்தது, விவசாயிகள் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். பரவனாற்றைத் திருப்புகிற கால்வாய்க்கு அவசரம் என்று வெட்டினார்கள். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. எந்த ஆண்டில் எந்த ஊரின் நிலம் உண்மையில் தேவைப்படும் என்ற அட்டவணையை அறிக்கையோடு கேளுங்கள். 30 வருடம் கழித்து வெட்டப் போகிற நிலத்தை இன்றைக்கே ஏன் முடக்க வேண்டும்?

பரவனாற்றுக்கரை:

இதே 2023-ல்தான் டெல்டா நிலக்கரி விவகாரமும். மார்ச் கடைசியில் ஒன்றிய அரசின் ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு பகுதி என மூன்றும் வந்தன. ஊரெல்லாம் எதிர்ப்பு, முதல்வர் பிரதமருக்குக் கடிதம், ஏப்ரல் 8-ல் மூன்றையும் நீக்கினார்கள். காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிய 2020 சட்டம் கையில் இருந்தது பெரிய பலம். காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், குமராட்சி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்கள் அதில் உண்டு. கம்மாபுரம் கிடையாது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பு, இந்தப் பக்கம் சுரங்கம். கீழே இருக்கிற தண்ணீர் இரண்டுக்கும் ஒன்றுதான். மணற்பாறை ஐயா சொன்ன கேள்வியை இந்த ஒன்றியங்களின் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.

முந்திரிக்கொல்லை:

அறிக்கை எப்போது வரும் என்றே தெரியாது. அதுவரை ஊரில் நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? பையன்கள் சிலர் தயாராக இருக்கிறார்கள்.

நடவுக்காரி:

வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் எழுதுங்கள் தம்பி. யார் யார் நிலத்தில் வேலை செய்கிறார்கள், எத்தனை மாடு, எத்தனை ஆடு, குடிநீர் எங்கிருந்து வருகிறது. எங்கள் தெருவுக்கு வரும்போது சாயங்காலம் வாருங்கள், பகலில் யாரும் வீட்டில் இருக்க மாட்டோம். பொம்பளைப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது கூட்டி வாருங்கள். அவர்களிடம்தான் மனம்விட்டுச் சொல்வோம்.

மணற்பாறை:

தண்ணீருக்கு இதைச் செய்யுங்கள். ஊரில் இருக்கிற திறந்த கிணறு, போர் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, சர்வே எண், போட்ட வருடம், ஆழம், மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது என்று எழுதுங்கள். ஒரே போரை எத்தனை தடவை ஆழப்படுத்தினார்கள் என்பதையும் சேருங்கள், அதுவே பெரிய சாட்சி. பிறகு ஒவ்வொரு திசையிலும் ஒரு கிணற்றைத் தேர்ந்து நீர்மட்டத்தை வருடத்துக்கு இரண்டு தரம் அளங்கள்: வைகாசியில் ஒன்று, மழை முடிந்து தை மாதத்தில் ஒன்று. மோட்டாரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, காலையில், ஒவ்வொரு முறையும் கிணற்று விளிம்பின் அதே இடத்திலிருந்து டேப்பை இறக்க வேண்டும். அந்த இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். தேதியோடு போட்டோ எடுங்கள். நோட்டில் கிணற்றுக்காரரும் பக்கத்துக் கொல்லைக்காரரும் கையெழுத்துப் போடட்டும். முதல் அளவுகளை இங்கே பதியுங்கள், சரியாக எடுத்திருக்கிறீர்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.